நினைவு என்னும் மாளிகை



1595-ஆம் ஆண்டு, சீனாவின் நான்சாங் நகரம். அறிஞர்கள் தொடர்பில்லாமல் எழுதிக் கொடுத்த 400, 500 சீன எழுத்துகளை இயேசு சபைத் தந்தை மத்தேயு ரிச்சி ஒரே முறை வாசித்தார். பிறகு அவற்றை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் ஒப்பித்தார். அவரே தம் கடிதத்தில் எழுதிய செய்தி இது.

ரோமையில் படித்த காலத்தில் அவர் பயின்ற பழங்கலை அது. மனத்தில் ஒரு மாளிகை கட்டி, இடத்துக்கு ஓர் உருவம் வைத்து, வரிசையாக நடந்துபோய் எடுப்பது. அதை 1596-இல் சீன மொழியில் நூலாக்கி ஆளுநரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். படித்த மூத்த மகனோ, முறை சரிதான், ஆனால் இதைக் கையாளவே பெரிய நினைவாற்றல் வேண்டுமே என்றாராம்!

அப்படியானால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது? புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே நான்கு வழிகள் காட்டினார்: உருவம், ஒழுங்கு, அக்கறையும் பற்றும், அடிக்கடி தியானித்தல். முதல் இரண்டுக்குத் திறமை வேண்டும். மற்ற இரண்டுக்கு அன்பு போதும்.

நம் செபமாலையைப் பாருங்கள். அதில் நான்குமே உண்டு. எழுத்தறியாத பாட்டிமாரும் மீட்பின் வரலாற்றை மறவாமல் சொல்வது அதனால்தான். ஆகவே, மறைக்கல்வியில் தடுமாறும் பிள்ளையை ‘மக்கு’ என்று ஒதுக்காமல், அருகில் அமர்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்போம். ஆண்டவர் தம் நினைவாகச் செய்யச் சொன்னதையும் நாம் ஒரே முறையோடு விட்டுவிடவில்லையே; ஒவ்வொரு திருப்பலியிலும் செய்கிறோம்.