கார்த்திகைப் பூவும் அதன் கிழங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலையில்லை. ஆயினும், சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்துக்குரியதாகப் பாடிய காந்தள், கார்த்திகைப் பூ என்னும் பெயருடன் இம்மண்ணின் வேலிகளிற் படர்ந்து வந்துள்ளது. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலிடம் பெறுவதும் இதுவே. மலைப் பூவெனப் பாடப்பட்டது சமவெளியில் நிலைபெற்றமைக்குக் காரணம் யாது? விடை பூவில் இல்லை, கிழங்கிலேயே உள்ளது.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கல்லின் மேற் படிந்த மண்ணும், ஐப்பசி தொட்டு மார்கழி வரை பெய்யும் மாரியுமே செடிகொடிகளுக்கு ஆதாரம். இக்கிழங்கு மழையோடு முளைத்து, கார்த்திகையிற் பூத்து, கொடி மடிந்தபின் வரண்ட மாதங்களில் மண்ணுள் உறங்கும். கவர்பட்ட அதன் வடிவு நோக்கிக் கலப்பைக் கிழங்கு எனவும் வழங்கினர்.

1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1672 முதல் சில ஆண்டுகள் அவர்தம் கம்பனியின் மருத்துவராக இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன் திரட்டிய தாவரத் தொகுப்பைக் கொண்டே, சுவீடன் அறிஞர் லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1753இல் அவர் இக்கொடிக்குக் 'குளோரியோசா சுப்பேர்பா' எனப் பெயரிட்டார். ஐரோப்பியரின் கண்ணாடி மனைகளில் இது சாடிச் செடியாயிற்று. அங்கே குளிர்காலத்திற் கிழங்குக்கு நீர் வார்க்காது உலரவைத்துக் காப்பர். நமது கோடையை அவர்கள் செயற்கையாக உண்டாக்கினர் எனலாம்.

இன்று கதியால் வேலிகள் மதில்களுக்கு இடங்கொடுத்து வருகின்றன. எனவே நம் முற்றத்திலும் இப்பூவுக்குச் சாடியே புகலிடமாகின்றது. ஆயின் ஆண்டு முழுவதும் நீரூற்றும் அன்பே அதற்குக் கூற்றாகின்றது. துவாரம் அடைபட்ட சாடியில் நீர் தேங்கக் கிழங்கு அழுகும். இலை பருவந்தப்பி மஞ்சளாவது அதன் அறிகுறியாகலாம். அப்பொழுது கிழங்கைத் தோண்டி, அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, நிழலில் உலர்த்தி, மணலும் மக்கிய எருவும் கலந்த புதுமண்ணிற் கிடையாக நடுதல் வேண்டும். கவரின் நுனியிலேயே முளை இருத்தலின் அது முறியலாகாது. கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சுடைய இக்கிழங்கை உண்டு இலங்கையில் உயிர்நீத்தோர் உளர். ஆதலின் சிறுவர் கைக்கு எட்டாது வைத்தலும் கடனாகும்.

அண்மைக்கால வரலாற்றில் இப்பூ ஈழத்தமிழரிடையே நினைவேந்தலின் குறியாகவும் விளங்குகின்றது. பூவைப் போற்றுவோர் கிழங்கையும் பேணுதல் வேண்டும். வேலியோடு கிழங்கும் அழியுமாயின், கார்த்திகைப் பூ ஏட்டிலும் படத்திலும் மட்டுமே எஞ்சும்.