அணைக்கட்டும் ஐஸ் தண்ணீரும்



கட்டாரில் கட்டட வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளைகள் வெயில் காலத்தில் கோல் எடுத்தால் பகல் ஓய்வைப் பற்றிச் சொல்வார்கள். 2021 முதல் அங்கே ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். இப்படியான வசதிகளை முதலாளிமார் மனமிரங்கிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான் அமெரிக்காவின் ஹூவர் அணைக்கட்டைப் பற்றி இன்று எழுதுகிறோம். அதன் உயரம் 221 மீற்றர் என்று எங்கும் படிக்கலாம். கட்டியவர்கள் எதைக் குடித்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1931 மார்ச்சில் சிக்ஸ் கம்பனீஸ் என்ற கூட்டுக் கம்பனிக்குக் கொந்தராத்து கிடைத்தது. நாடெங்கும் வேலையில்லாத காலம். அதனால் அரசு அவசரப்பட்டு வேலையை முன்கூட்டியே தொடங்கிவிட்டது. தொழிலாளர்களுக்கென்று திட்டமிட்ட போல்டர் சிற்றி நகரமோ இன்னும் கட்டி முடியவில்லை. பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் கொலராடோ ஆற்றங்கரையில் துணியாலும் பெட்டிப் பலகையாலும் குடிசை போட்டார்கள். அந்த இடத்துக்கு 'கந்தல் ஊர்' என்றே பெயர் வந்தது. குடித்ததும் கலங்கிய ஆற்றுத் தண்ணீர்தான்.

அந்தக் கோடையில் பகல் வெப்பம் சராசரியாக 48 பாகை செல்சியஸைத் தாண்டியது. ஜூன் 25 முதல் ஜூலை 26 வரையான ஒரே மாதத்தில் தொழிலாளர்களும் ஆற்றங்கரைவாசிகளுமாகப் 16 பேர் வெப்பத்தால் செத்தார்கள்.

ஓகஸ்ட்டில் சுரங்கத்தில் வேலை செய்த சிலரின் கூலியைக் கம்பனி குறைத்தபோது எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கோரிக்கைகளில் கூலியோடு இவையும் இருந்தன: குடிக்கச் சுத்தமான தண்ணீர், ஐஸ் தண்ணீர், ஒழுங்கான மலசலகூடம். கம்பனி ஒன்றுக்கும் இணங்கவில்லை. வேலை தேடி வாசலில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும்போது அதற்கென்ன பயம்? சில நாட்களிலேயே வேலைநிறுத்தம் முறிந்தது. ஆனால் அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. போல்டர் சிற்றியில் தங்குமிடங்களும் பெரிய உணவுச்சாலையும் வந்தன. 1932 இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து, வியர்வையோடு உப்பும் போய்விடுவதுதான் ஆட்களைச் சாய்க்கிறது என்று கண்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கவும் சாப்பாட்டில் உப்புச் சேர்த்துக்கொள்ளவும் சொன்னார்கள். இவ்வளவு மலிவான மருந்து!

வசதி எல்லோருக்கும் கிடைத்ததாக எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் கறுப்பினத்தவரை வேலைக்கே எடுக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் எடுத்த சிலரையும் போல்டர் சிற்றியில் குடியிருக்க விடவில்லை. தூரத்து லாஸ் வேகாஸிலிருந்து தினமும் வந்து போனார்கள். அவர்கள் தண்ணீர் குடிக்கும் வாளியும் வேறு.

இன்னொன்று. சுரங்கத்துக்குள் பெற்றோல் வாகனம் ஓட்ட நெவாடா மாநிலச் சட்டத்தில் தடை இருந்தும் கம்பனி ஓட்டியது. புகையில் மயங்கி விழுந்தவர்கள் பலர். கட்டுமானக் காலத்தில் 42 பேர் இறந்ததற்கு நிமோனியாக் காய்ச்சல் என்று எழுதினார்கள். அது புகையின் நச்சு, நட்டஈடு கொடுக்காமல் தப்பவே பெயரை மாற்றினார்கள் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். சிலர் வழக்குப் போட்டார்கள். 1936 இல் கம்பனி 50 பேருக்கு, எவ்வளவென்று வெளியே சொல்லாமல், பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. வேலைத்தலத்தில் இறந்தோர் என்று அரசு சொல்லும் 96 பேரில் அந்த 42 பேர் இல்லை.

வளைகுடாவில் மௌத்தாகும் தொழிலாளர்களின் மரணச் சான்றிதழ்களில் 'இயற்கை மரணம்', 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதி விடுவதை மனித உரிமை அமைப்புகள் பல வருடமாகக் கேள்வி கேட்டு வருகின்றன. அந்தத் தாளில் உள்ள காரணத்தைப் பொறுத்துத்தான் மனைவி மக்களுக்கு நட்டஈடு கிடைப்பதும் கிடைக்காததும். அப்படியொரு தாள் நம் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடமுன் வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.