அடையாறு கழிமுகப் பறவைகள்

அடையாறு கழிமுகம் என்பது சென்னையில் அடையாறு வங்காள விரிகுடாவில் கலக்கும் இடத்திலுள்ள ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு ஆகும். இதன் வடகரையில் சீனிவாசபுரமும் தென்கரையில் பிரம்மஞான சபைத் தோட்டமும் உள்ளன.

காணப்படும் பறவைகள்

சாம்பல் நாரை, சின்னக் கொக்கு, மடையான், இராக்கொக்கு (வக்கா) ஆகியவற்றை இங்குக் காணலாம். குளிர்காலத்தில் உள்ளான்கள் வலசை வருகின்றன. சின்னக் கொக்கைக் கறுப்புக் கால்களையும் மஞ்சள் விரல்களையும் கொண்டு அடையாளம் காணலாம். அது காலால் சேற்றைக் கலக்கி மீன்களை வெளியேற்றிப் பிடிக்கும். மடையான் நிற்கும்போது மண்ணிறமாகத் தோன்றும். பறக்கும்போது அதன் வெண்சிறகுகள் புலப்படும்.

ஓதமும் இரையும்

இப்பறவைகள் பெரும்பாலும் நீந்தி இரை தேடுவதில்லை. தத்தம் கால் நீளத்திற்கு ஏற்ற ஆழத்திலேயே நின்று இரை கொள்ளும். எனவே, ஓதம் வடியும்போது வெளிப்படும் சேற்றுத்திட்டுகளே இவற்றின் முதன்மையான மேய்ச்சல் நிலமாகும்.

அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும்போது ஓதம் தடைப்பட்டு, ஆற்றில் கலக்கும் கழிவுநீர் தேங்குகிறது, சேற்றுத்திட்டுகளும் மூழ்கிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் இம்மணல்திட்டை உடைக்கிறது. பிற காலங்களில் தூர்வாரி வழி திறக்கப்படுகிறது. முகத்துவாரம் திறந்திருப்பதைப் பொறுத்தே இங்குப் பறவைகளின் வரவு அமைகிறது.

மீட்பு

கழிமுகத்தை ஒட்டிய உப்பங்கழியின் 58 ஏக்கர் பரப்பு சீரமைக்கப்பட்டு, 2011 ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.