இரண்டாம் கீறல்

ஸ்தூல சரீரத்தை இளைக்கச் செய்வதற்காக வயிற்றில் ஒருமுறை ரண சிகிச்சை செய்துகொண்டவர், முதல் ஆண்டில் உடைகளெல்லாம் தொளதொளத்துப்போகும் அளவுக்கு மெலிந்து, உற்றார் உறவினர் அடையாளம் தெரியாமல் ஒரு கணம் திகைத்து நிற்கும் இன்பத்தையும் அனுபவித்தபின், எடைபார்க்கும் இயந்திரத்தின் முள் ஓரிடத்தில் நின்றுகொண்டு மேற்கொண்டு இறங்க மறுப்பதையும், சில காலம் கழித்து வந்த வழியே சிறிது சிறிதாக ஏறத் தொடங்குவதையும் காணும்போது, அவர் மனத்தில் முதலில் எழுவது தம்மைத் தாமே நொந்துகொள்ளும் எண்ணம். அடுத்து எழுவது, மறுபடியும் கத்தியின்கீழ்ப் படுப்பதா என்ற கேள்வி. அந்தக் கேள்வியைத் தமக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக அவர் கருதி, அதை வைத்தியரிடம் சொல்வதற்கும் கூசுகிறார். இச்சிகிச்சையின் எழுபது ஆண்டுச் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாரானால் அவருடைய கூச்சம் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் முதல் கீறல் உத்தேசிக்கப்பட்ட நாளிலேயே இரண்டாம் கீறலும் அதனுடன் சேர்த்து உத்தேசிக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மூவர், சிறுகுடலின் எந்தப் பகுதி எந்தக் காரியத்தைச் செய்கிறது என்பதை அறிய நாய்களை வைத்துச் சோதனை செய்து, கீழ்ப்பகுதியை இழந்த பிராணிகள் கொழுப்பை ஜீரணித்து ஏற்க முடியாமல் மெலிந்துபோகின்றன என்று 1954இல் எழுதினார்கள். அதே கட்டுரையில், குடலின் பெரும்பகுதியைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி ஒன்றை மனிதருக்குச் செய்யலாம் என்பதற்கான குறிப்பும் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர், மிக அதிகமாகப் பருத்திருந்த 10 பேருக்குச் சிறுகுடலின் தொடக்கத்தை நேரே பெருங்குடலில் கொண்டுபோய் இணைத்தார்கள். உண்டது உடலில் ஒட்டாமலே வெளியேறும். வேண்டிய அளவு மெலிந்தவுடன், மறுபடியும் வயிற்றைத் திறந்து, குடலைப் பழையபடி இணைத்துவிடலாம். அதன்பின் அவர் சாதாரண மனிதராக வாழ்வார் என்பது அவர்கள் வகுத்த திட்டம். அதாவது, இத்தொழிலின் முதல் ஏட்டிலேயே இரண்டு சிகிச்சைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

எடை என்னவோ மளமளவென்று குறைந்தது. ஆனால் ஓயாத பேதியும், உப்புச் சத்துக்களின் இழப்பும் அவர்களை வாட்டின. வேறு வழியின்றிக் குடலைப் பழையபடி இணைத்தபோது, இணைக்கப்பட்டவர்கள் இழந்த எடையைத் திரும்பப் பெற்றார்கள். உடல், தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதைக் கணக்கு வைத்திருந்து வசூலித்துக்கொண்டது போலிருந்தது.

இதில் ஆச்சரியப்பட வேண்டியது ஒன்றுமில்லை என்பதற்கான சாட்சியம் அதே மினசோட்டா சர்வகலாசாலையில், பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. யுத்த காலத்தில், 1944-45இல், போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பட்டினிச் சோதனைக்கு உட்பட, அவர்களை ஆராய்ந்த ஆன்சல் கீஸ் என்பவர், உணவு குறையக் குறைய உடல் தன் உஷ்ணத்தையும் உழைப்பையும் செலவையும் சுருக்கிக்கொள்வதையும், உணவு திரும்பியவுடன் கொழுப்பை முந்திக்கொண்டு சேர்ப்பதையும் கண்டு விரிவாக எழுதியிருந்தார். அந்தச் சோதனைச்சாலை கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. ரண வைத்தியர்களின் சோதனைச்சாலை சற்று தூரத்தில்தான். ஒரே சர்வகலாசாலையின் இரு கட்டடங்களுக்கு இடையே உள்ள தூரம் சில சமயம் இரு தேசங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அதிகமாக இருந்துவிடுகிறது.

பெய்னும் டிவிண்டும் சோர்ந்துவிடவில்லை. பெருங்குடலை விட்டுவிட்டு, சிறுகுடலின் தலைப்பகுதியில் 14 அங்குலத்தையும் வால்பகுதியில் 4 அங்குலத்தையும் மட்டும் உணவுக்கு வழியாக வைத்து, இடையிலுள்ள ஏறத்தாழ இருபது அடியையும் ஒதுக்கிவைக்கும் முறையை 1969இல் வெளியிட்டார்கள். பதினெட்டு அங்குலக் குடலோடு வாழ்வது என்ற இந்த யுக்தி, எழுபதுகளில் அமெரிக்காவெங்கும் பரவி ஆயிரக்கணக்கானோர் வயிற்றில் நிறைவேறியது. பிறகுதான் விபரீதங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஏற்கப்படாத கொழுப்பு குடலில் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்ள, அதனோடு கூடி வெளியேறியிருக்க வேண்டிய ஆக்ஸலேட் தனித்து நின்று ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. உணவே செல்லாத ஒதுக்குக் குடலில் கிருமிகள் குடியேறி மூட்டுவலியையும் தோல்நோயையும் உண்டாக்கின. சிலருக்கு ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்து வந்தது. இவை எல்லாவற்றையும் விட என்னை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. உணவு செல்லும் அந்தப் பதினெட்டு அங்குலக் குடல், தன்மேல் சுமத்தப்பட்ட பாரத்தை உணர்ந்ததுபோல், நாளடைவில் தடித்து, நீண்டு, உட்புறத்து விரலிகளை வளர்த்துக்கொண்டு, முன்னிலும் அதிகமாக உறிஞ்சக் கற்றுக்கொண்டது. ஒதுக்கப்பட்ட குடலோ மெலிந்து கிடந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் எடை இறங்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளி திருட்டுத்தனமாகத் தின்றார் என்று சந்தேகித்தவர்கள் குடலைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

ஈரலும் சிறுநீரகமும் கெட்டவர்களுக்குக் குடலைத் திரும்ப இணைப்பதைத் தவிர மார்க்கமில்லை. இணைத்தாலோ எடை திரும்பிவிடும் என்பது பழைய அனுபவம். ஆகவே இணைக்கும்போதே, அதே மேஜையில், இரைப்பையையும் சுருக்கிவிடும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு சிகிச்சையைக் கழற்றி அதன் இடத்தில் இன்னொன்றை மாட்டும் மறு சிகிச்சை என்ற தனிக் கலை, இவ்வாறு முந்தியவற்றின் பிழைகளைத் துடைக்கும் அவசியத்திலிருந்து பிறந்தது.

இரைப்பையைச் சுருக்கும் யோசனைக்குப் பிதா என்று சொல்லத்தக்கவர் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேஸன். 1920இல் ஐடஹோ மாநிலத்தில் பிறந்து, மினசோட்டாவில் பயிற்சி பெற்றவர். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்ட பெண்கள் மறுபடி சதைபோடச் சிரமப்படுவதைக் கவனித்த அவர், அந்தத் தொல்லையையே ஒரு பயனாக மாற்றலாமே என்று எண்ணி, சிகாஷி ஈட்டோ என்ற ஜப்பானியருடன் சேர்ந்து ஆராய்ந்து, இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்து அதில் சிறுகுடலை இணைக்கும் 'பைபாஸ்' முறையை 1967இல் எழுதினார். அதற்கும் திருத்தம் வேண்டியிருந்தது. மேலே விடப்பட்ட பை பெரிதாக இருந்தால் எடை குறைவது சீக்கிரமே நின்றுவிட்டது. ஆகவே பையைச் சிறிது சிறிதாகச் சுருக்கினார்கள். குடலின் வளைவு வழியே பித்தநீர் பைக்குள் எதிர்த்து வந்தது. ஆகவே 1977இல் கிரிஃபன் என்பவர், சுவிட்சர்லாந்தின் ரூ என்ற வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறு காரியத்துக்காக வகுத்திருந்த 'ஒய்' வடிவ இணைப்பை இதற்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு பைபாஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது இந்தத் திருத்தப் பதிப்பைத்தான்.

மேஸனுக்கோ தம் சொந்தப் படைப்பிலேயே மனம் நிற்கவில்லை. ஒதுக்கப்பட்ட இரைப்பை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடப்பதும், உணவு இயற்கையான வழியை விட்டு விலகுவதும் அவரை உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரவிட்ச் என்ற அமெரிக்கர் 1958இல் கீவ் நகரத்தில் பார்த்துத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்த ரஷ்யத் தையல் கருவியின் வழிவந்த ஸ்டேப்ளர்கள் கைக்கு எட்டியபின், அவற்றால் இரைப்பையின் மேற்புறத்தில் நெடுக்காக ஒரு சிறு பையைப் பிரித்து, அதன் வாயில் 5 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பிளாஸ்டிக் வலைப் பட்டையை வளையமாகப் போடும் முறையை 1980இல் அவர் வகுத்தார். குடலைத் தொடவே வேண்டாம் என்பதால் அது எண்பதுகளில் எல்லோருக்கும் பிடித்த சிகிச்சையாயிற்று. அதன் கதி என்ன ஆயிற்று என்றால், சோறும் ரொட்டியும் இறைச்சியும் அந்தக் குறுகிய வாயில் அடைத்துக்கொண்டு வாந்தியை வரவழைக்க, ஐஸ்கிரீமும் பால் பானங்களும் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கின. மனிதர்கள் எது இறங்குமோ அதை உண்டார்கள். எடை நின்றது, பிறகு ஏறியது. வைத்திய ஏடுகளில் அவர்களுக்கு 'இனிப்புண்ணிகள்' என்று ஒரு பெயரும் கிடைத்தது. வாசலைக் குறுக்கிவிட்டு, குறுகிய வாசல் வழியே நுழையக்கூடியதை நுழைத்தவனைக் குற்றம் சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வேறு பலருக்கு ஸ்டேப்ளர் தையல் வரிசையே நாளடைவில் பிரிந்து, உணவு பழைய இரைப்பைக்குள் மறுவழி கண்டுகொண்டது. அவர்களிலும் எத்தனையோ பேர், எண்டோஸ்கோப்பியும் எக்ஸ்ரேயும் உண்மையைச் சொல்லும்வரை, தம் நாவடக்கமின்மையை நொந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இதன்பின் வந்த பட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூஜெர்சியில் குஸ்மாக் என்பவர் 1986இல், உப்புநீரை ஏற்றி இறக்கி இறுக்கவோ தளர்த்தவோ கூடிய சிலிக்கோன் பட்டையைக் கொண்டுவந்தார். எத்தியோப்பியாவில் ஆடு மேய்த்த சிறுவனாகத் தொடங்கி பெல்ஜியத்தில் ரண வைத்தியரான மிட்டிக்கு பெலாச்யூ 1993இல் அதைச் சிறு துளைகள் வழியே பொருத்திக்காட்டினார். அமெரிக்க அரசு 2001இல் அனுமதித்தது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சி. அந்த வாக்கு மட்டும் பொய்க்கவில்லை: நழுவியும், இரைப்பைச் சுவரை அரித்தும், பலன் தராமலும் போன பட்டைகளைக் கழற்றுவதே பிற்காலத்தில் ரண வைத்தியர்களுக்கு ஒரு பெரிய வேலையாயிற்று.

இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' சிகிச்சையின் பிறப்பு இன்னும் விசித்திரமானது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்துவிட்டு, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற ஒரு குழாயாக விடுவது அதன் முறை. நியூயார்க்கில் மிஷெல் காக்னே 1999இல், இரைப்பைக் குழாயையும் நீண்ட குடல் மாற்றத்தையும் ஒன்றாகச் செய்யும் பெரிய சிகிச்சையைத் துளைகள் வழியே செய்யத் தொடங்கியபோது, மிகமிகப் பருத்தவர்கள் அத்தனை நேர மயக்கத்தைத் தாங்கவில்லை என்று கண்டு, முதலில் குழாயை மட்டும் செய்து, சில மாதங்கள் கழித்து எடை ஓரளவு குறைந்தபின் குடல் வேலையைச் செய்வது என்று இரண்டாகப் பிரித்தார். முதல் பாதியிலேயே நன்றாக மெலிந்த சிலருக்கு இரண்டாம் பாதி அவசியப்படவில்லை. அந்தப் பாதியே பிற்பாடு முழுச் சிகிச்சையாகப் பெயர் பெற்றது. ஆகவே, ஸ்லீவ் செய்துகொண்டு எடை நின்றுபோனவர் பைபாஸுக்கோ குடல் மாற்றத்துக்கோ மாறலாமா என்று இன்று யோசிக்கும்போது, சரித்திரக் கணக்கில் அவர் கேட்பது, தமக்கு எழுதப்பட்டிருந்த இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கலாமா என்பதுதான்.

இவ்வளவுக்கும், எது தோல்வி என்ற கேள்விக்கு இத்தொழில் நெடுங்காலம் ஒரு கணக்கு வாய்பாட்டைத்தான் விடையாக வைத்திருந்தது: மிகை எடையில் பாதி குறைந்தால் வெற்றி, குறையாவிட்டால் தோல்வி. 130 கிலோ இருந்தவர் 65 கிலோ இருக்க வேண்டியவர் என்றால், 33 கிலோ குறைத்தவர் வென்றவர். 30 கிலோ குறைத்து, நீரிழிவு மாத்திரையை விட்டொழித்து, மாடிப்படி ஏறி இறங்குகிறவர் தோற்றவர்! 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு நீண்ட ஆய்வு இதைவிட நிதானமான ஒரு சித்திரத்தைத் தந்தது. அதன்படி, பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாகத் தம் எடையில் 32 சதவீதத்தை இழந்து, பத்தாம் ஆண்டில் 25 சதவீதக் குறைவில் நிலைபெற்றார்கள். மேஸனின் வளையப் பையில் அந்தக் குறைவு 25இலிருந்து 16 ஆகவும், பட்டையில் 20இலிருந்து 14 ஆகவும் சுருங்கியது. எந்தச் சிகிச்சையிலும் முள் நின்று, பின் சற்றே ஏறியிருக்கிறது.

திருத்தம் செய்வதென்றாலும், முதல் தடவையைப் போல் அது லேசான காரியமன்று. பழைய தழும்புகளால் ஈரலும் இரைப்பையும் குடலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க, ரத்த ஓட்டம் குறைந்த திசுவில் மறுபடி தையல் போட வேண்டியிருப்பதால், கசிவும் சீழும் முதல் முறையைவிட அதிகமாக நேர்கின்றன. ஆகவே அனுபவசாலியான வைத்தியர், பை விரிந்திருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, அல்லது எல்லாம் செம்மையாக இருந்தும் உடல்தான் தன் செலவைச் சுருக்கிக்கொண்டதா என்று பார்க்காமல் தேதி குறிப்பதில்லை. முதல் இரண்டு காரணங்களில் கத்திக்கு வேலை உண்டு; மூன்றாவதில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தம் சிகிச்சை பெற்றோரின் பிற்கால வாழ்க்கையை ஏட்டில் குறித்துவைக்க வேண்டும் என்று 1986இல் அயோவாவில் ஒரு பதிவேட்டைத் தொடங்கிய மேஸன், 2020ஆம் ஆண்டின் இறுதியில், நூறாவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் செமாகுளூடைட் ஊசியைப் பருமனுக்காக அமெரிக்கா அனுமதித்தது. உணவுக்குப்பின் குடல் சுரக்கும் ஒரு ரசத்தைப் போலவே வேலை செய்து பசியை அடக்கும் மருந்து அது. எடை நின்றுபோனவர்களுக்கு இரண்டாம் கீறலுக்கு முன் இந்த ஊசியைக் கொடுத்துப் பார்க்கும் வைத்தியர்கள் இப்போது பலர். ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓர் ஆண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்குத் திரும்பி வந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் குடலைப் பழையபடி இணைத்தபோது வந்ததைப் போல.