மலைச்சரிவுகளும் பொறியியலாளர் கடனும்

மலையகத்தின் பசுமையை வியந்து பாடாதார் இலர். ஆயினும் நுவரெலியா, ஹட்டன் மலைகளை இன்று போர்த்திருக்கும் பசுமை, காடழித்து மனிதன் ஆக்கிய பசுமையே என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக மலைக்காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தொழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணுதல் வேண்டும் எனத் தாவரவியல் அறிஞர் ஹூக்கர் 1873இலேயே அறிவுறுத்தினார். எனினும் அதற்குள் காடழிப்பு வெகுதூரம் சென்றிருந்தது. களையகற்றச் 'சுரண்டி' கொண்டு நிலத்தைச் சுரண்டும் வழக்கமும் மேல்மண்ணை மழைநீரோடு ஆற்றுக்கு அனுப்பியது. மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதோ 1951ஆம் ஆண்டிலேயாம்.

மண்ணரிப்பு நாள்தோறும் நிகழும் மெல்லிய இழப்பு. மண்சரிவோ ஒரு நொடியில் நேரும் பேரிழப்பு. பாறைமீது தளர்ந்து படிந்த மண்ணினுள் பெருமழைநீர் புகும்போது துளைநீர் அமுக்கம் உயர்கின்றது. மண்ணின் உறுதி குன்றுகின்றது. மண்ணைப் பிணித்த மரவேர்கள் அற்றுப்போன சரிவிலே, நீரை வடித்துச் செல்லும் கான்களும் தூர்ந்து கிடப்பின், ஆபத்து பன்மடங்காகின்றது.

இவ்வாபத்தைப் பொறியியல் வெல்லமுடியாதா எனின், முடியும் என்பதற்கு வட்டவளையே சான்றாகும். 1992இல் அங்கு நிகழ்ந்த பெருஞ்சரிவு மலையகப் புகையிரதப் பாதையைச் சிதைத்தது. நிலத்தடி நீரே அதன் மூலகாரணம் எனக் கண்ட பொறியியலாளர், சரிவினுள் நீண்ட வடிகுழாய்களைத் துளைத்துச் செலுத்தி நீரை வெளியேற்றினர். மலையைத் தடுத்து நிறுத்த மதில் எழுப்புவதினும், அதன் வயிற்றிலுள்ள நீரை வடித்தலே தக்க மருந்தென அம்முயற்சி காட்டியது.

ஆனால் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தவில் நிகழ்ந்தது வேறு. அத்தோட்டத்து லயன்கள் ஆபத்தான இடத்தில் உள்ளன எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் இடம்பெயர்க்கப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயன்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் உடல்கள் கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்பிழைத்த சிறுவர் சிலர் திரும்பி வருகையில் வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

வேல்சு நாட்டு அபர்பான் சிற்றூரும் இதனையொத்த துயரைக் கண்டது. அங்கு நீரூற்றின்மீது குவிக்கப்பட்ட நிலக்கரிக் கழிவுமேடு 1966 ஒக்டோபர் 21இல் சரிந்து 144 உயிர்களைக் குடித்தது. அவருள் 116 பேர் குழந்தைகள். அங்கும் எச்சரிக்கைகள் இருந்தன, கேட்பார் இலர். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே வகை அலட்சியத்திற்கு இரையாயினர். எனினும், அபர்பானின் பின் 1969இல் கழிவுமேடுகளுக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது.

புகையிரதப் பாதைக்குக் கிட்டிய பொறியியல், லயன்களுக்குக் கிட்டாது போனமைக்குக் காரணம் அறிவின்மையன்று. காணியுரிமையற்ற தொழிலாளிக்கு, 'இவ்விடத்தை விட்டு அகல்க' என்னும் அறிவித்தல் வெறும் காகிதமே. செல்வதற்கு வேறு நிலம் அவனிடம் இல்லை. ஆகவே, அபாயம் உண்டெனப் படத்திலே குறிப்பதோடு பொறியியலாளர் கடன் முடிந்துவிடுவதில்லை. பாதுகாப்பான மாற்று நிலத்தைக் காட்டுதலும், தம் அறிக்கை செயலாகும்வரை குரலெழுப்புதலும் அக்கடனின் பாற்பட்டனவே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை மலையகத்தை மீண்டும் சரித்து, எண்ணற்ற குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தியது. மழையைத் தடுக்க மனிதனால் இயலாது. மழைக்கு முன்னரே அறிந்த உண்மையை, மழைக்கு முன்னரே செயலாக்க இயலும். மலையகத்தின் வரலாறு பொறியியலாளர்க்குப் புகட்டும் படிப்பினை இதுவேயாகும்.