தானியங்கிச் சூளை

கட்டைகளை அடுக்கி உலகங்களை நிர்மாணிக்கும் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில், மண்ணையும் எரிபொருளையும் ஒருமுறை நிரப்பிவிட்டால், பின்னர் ஆள் கைவைக்காமலே சுட்டெடுத்துச் சேமித்து வைக்கும் யந்திர அமைப்பு தானியங்கிச் சூளை எனப்படும். ஸ்டாக்ஹோம் நகரத்து மோஜாங் நிறுவனம் 2011 நவம்பர் 18இல் முழுவடிவில் வெளியிட்ட இவ்விளையாட்டில் உலை முன்னரே இருந்ததாயினும், பொருள்களை ஏந்தி அடுத்த கலத்துக்குக் கடத்தும் ஹாப்பர் என்ற இரும்புப் புனல் 2013 மார்ச் மாதத்து 1.5ஆம் பதிப்பில் சேர்ந்த பின்னரே இவ்வமைப்பு எல்லோர்க்கும் எளிதாயிற்று.

இதன் சூட்சுமமெல்லாம் திசையில் அடங்கியுள்ளது. உலையின் உச்சியில் பொருந்திய ஹாப்பர் சுடவேண்டிய பொருளையும், பக்கத்தில் பொருந்தியது எரிபொருளையும் உள்ளே செலுத்த, அடியிலுள்ளது சுட்ட பொருளை இழுத்துப் பெட்டியில் சேர்க்கும். பெட்டி, ஹாப்பர், உலை, ஹாப்பர், பெட்டி என ஒரே நிரலில் அடுக்கி, எரிபொருளுக்குரிய பெட்டியையும் ஹாப்பரையும் பக்கத்து நிரலில் வைத்தால், 2 கட்டை அகலம், 1 கட்டை ஆழம், 5 கட்டை உயரத்தில் சூளை முற்றுப்பெறும். இதனினும் சிக்கனமாக இடத்தைப் பிரயோகிப்பது அரிது.

இச்சூளையின் அவசியத்தை உணர்வதற்குப் பினாங்கு ஜார்ஜ்டவுனின் சூலியா தெருவை விளையாட்டில் கட்ட முற்படுவதைவிடச் சிறந்த பரீட்சை இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் குடியேறியதும், நாகூர் தர்கா நிற்பதும், 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்ற நகரப்பகுதியில் அடங்கியதுமான அத்தெருவின் கடைவீடுகள், குறுகிய முகப்பும் நெடிய உட்புறமும் கொண்டு, சுண்ணாம்பு பூசிய செங்கற்சுவர்களாலும் ஓட்டுக் கூரைகளாலும் அஞ்சடி நடைபாதைகளாலும் ஆனவை. ஆகவே செங்கல் எவ்வளவு வந்தாலும் போதாது. விளையாட்டிலோ ஒரு செங்கற்கட்டைக்கு 4 செங்கல் வேண்டும். களிமண் உருண்டை ஒன்று செங்கல்லாக வேக 10 விநாடி செல்லும். 64 கட்டைகளுக்கு 256 உருண்டைகளை ஒரே உலையில் சுட 42 நிமிடம் 40 விநாடி ஆகும். 2019இல் வந்த ஊதுலை இரட்டை வேகமுடையதாயினும் தாதுக்களையும் உலோகப் பொருள்களையும் மட்டுமே ஏற்பதால், செங்கல்லுக்கு உலைகளைப் பெருக்குவதொன்றே வழி.

ஹாப்பர் 0.4 விநாடிக்கு ஒரு பொருளைக் கடத்துமாதலால், கணிதப்படி ஒரே ஹாப்பரின் ஓட்டம் 25 உலைகளுக்குப் போதுமானது. ஆயினும் ஹாப்பர்களை வரிசையாகக் கோத்தால் முதல் உலைகள் நிரம்பிக் கடைசி உலைகள் பட்டினி கிடக்கும். எனவே தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடும் சுரங்க வண்டியினின்று கீழேயுள்ள ஹாப்பர்கள் பங்கிட்டுக் கொள்ளுமாறு அமைப்பதே உத்தமம். நிலக்கரி ஒன்று 8 பொருள்களைச் சுடும். லாவா வாளி ஒன்று 100 பொருள்களைச் சுட்டு, வெறும் வாளியை அடி ஹாப்பர் வழியே திருப்பித் தரும். மரத்துண்டைச் சுட்டால் நிலக்கரிக்கு ஈடான மரக்கரி கிட்டுமாதலால், பேராக்கின் கோலா செபெத்தாங்கில் அலையாத்தி மரத்தைக் கரியாக்கும் மெய்யான சூளைகளைப் போல, இதுவும் மரத்தைக்கொண்டே தன் எரிபொருளை ஆக்கிக்கொள்ள வல்லது.

ஆட்டக்காரர் வெகுதூரம் அகன்றால் அப்பகுதியின் இயக்கமே நின்றுவிடுமாகையால், சூளையைக் கட்டட வேலைக்கு அருகிலேயே, இயன்றால் கடைவீட்டின் திறந்த உள்முற்றத்திலேயே வைத்தல் நலம். அவ்வேலைக்கு 8 உலைகள் போதும். 32 நிலக்கரியில், 5 நிமிடம் 20 விநாடியில், 64 கட்டைகளுக்குரிய செங்கல் வந்துவிடும்.