முயல் துரத்திய நாய், மூன்றாம் மாடியில்

சிப்பிப்பாறை நாயை அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா? பதில் அதன் வரலாற்றில் இருக்கிறது.

தெற்கே கரிசல் காட்டில் மரங்கள் குறைவு. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அங்கே முயல் வேட்டைக்கு மோப்பத்தைவிடக் கூரிய பார்வையும் வேகமும்தான் கைகொடுத்தன. அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை சிப்பிப்பாறையும் கன்னியும். நீண்ட முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, மெலிந்த கால்கள். கறுப்பு உடலில் பழுப்புத் திட்டு இருந்தால் அது கன்னி. சிப்பிப்பாறை, ராஜபாளையம் இரண்டும் ஊர்ப் பெயரால் வந்தவை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு முயல் வேட்டைக்கும் இடமில்லை. வேலை போன நாய்க்கு மதிப்பும் குறைந்தது. நகரங்களில் பொமரேனியனும் லாப்ரடாரும் இடம்பிடித்தன. தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாட்டு இனங்களுக்கு இனவிருத்திப் பிரிவு நடத்தியது. 2005-ல் ராஜபாளையம் நாய் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயரைச் சொன்னதும் நாட்டு நாய்கள் மீண்டும் பேச்சாயின.

பேச்சைக் கேட்டு வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வேட்டை நின்றாலும் நாயின் கண்ணும் காலும் மாறவில்லை. பூனையோ அணிலோ ஓடினால் கூப்பிட்ட குரல் அதன் காதில் விழாது. ஆகவே வளாகத்துக்குள் எப்போதும் கயிறு வேண்டும். பால்கனிக்கு வலை வேண்டும். விடியற்காலையும் மாலையும் நல்ல நடை, வேலியிட்ட திடலில் ஓட்டம் அவசியம். அது கிடைத்தால் மற்ற நேரம் வீட்டில் சுருண்டு படுத்துவிடும். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் மெத்தையான படுக்கை தேவை. விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. பட்டினி என்று எண்ணி அதிகம் ஊட்ட வேண்டாம். மயக்க மருந்து தருமுன் மருத்துவரிடம் இனத்தைச் சொல்லுங்கள். முழு வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கினால் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு.

நாய் வளர்ப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. லிப்டையும் மறுக்க முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அதே சமயம் வெறிநாய்த் தடுப்பூசி, உள்ளாட்சி உரிமம், கழிவை அள்ளுவது மூன்றும் வளர்ப்பவர் பொறுப்பு.

தினமும் இரண்டு வேளை ஓட்டத்துக்கு நேரம் ஒதுக்க முடியுமா? முடியாதென்றால் வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்கு நல்லது.